வாங்குறவர் ஒருத்தர், தட்டுறவர் ஒருத்தர் - ஒரு கறுப்புப் பொட்டியின் கதை

பொட்டி தட்டுற வேலையில் இருப்பவனுக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம் உண்டு. சித்தப்பா பையன், ஹவுஸ் ஓனர், காலேஜ் ஜூனியர் என்று மாசத்துக்கு ஒருத்தராவது வந்து "ஆபீஸ் வேலைக்கு நடுத்தர விலையில ஒரு நல்ல லேப்டாப் சொல்லேன்" என்பார்கள். ப்ராசஸர் இது, ரேம் இவ்வளவு, எடை இவ்வளவுன்னு ஒரு பட்டியலும் கையில் இருக்கும். நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள் அவங்களுக்குக் கடுப்பைத்தான் கிளப்பும். பேட்டரியை மாத்த எத்தனை ஸ்க்ரூ கழட்டணும்? கீபோர்டை மட்டும் தனியா மாத்த முடியுமா? ரேம் ஸ்லாட்ல இருக்கா, போர்டோட சேர்த்து பத்த வச்சிருக்காங்களா?

இதெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடிச்சிருக்காது. ஏன் இல்லை என்பதற்கு முப்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல திங்க்பேடை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மாடல் பேர் மட்டும் வேணும்கிற அவசரக்காரங்க கடைசிப் பத்திகளுக்கு ஓடிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

ஐபிஎம் 1986ல் பிசி கன்வெர்ட்டிபிள் என்ற மடிக்கணினியைக் கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ். எடுபடவில்லை. தொஷிபாவும் காம்பேக்கும் முன்னாடி ஓடிக்கொண்டிருந்தார்கள். உலகத்துக்கே பிசி என்ற வார்த்தையைப் பழக்கிய கம்பெனிக்கு மடியில் வைக்கிற பொட்டி மட்டும் கைகூடவே இல்லை. 1992 அக்டோபர் 5ம் தேதி திங்க்பேட் 700சி அறிவிக்கப்பட்டது. 25 மெகாஹெர்ட்ஸ் 486எஸ்எல்சி சிப், 120 மெகாபைட் டிஸ்க், 10.4 அங்குல கலர் திரை. விலை 4,350 டாலர். 1992 டாலர்ங்க. சொந்தக் காசில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? வாங்கியது பெரும்பாலும் கம்பெனிகள். தட்டியது ஊழியர்கள். இதைக் குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

பேர் வந்த கதை சுவாரசியமானது. ஐபிஎம்மின் தலைவராக இருந்த தாமஸ் வாட்சன் சீனியருக்கு 'திங்க்' என்ற ஒற்றை வார்த்தைதான் தாரக மந்திரம். ஊழியர்களுக்குக் கொடுத்த சின்ன குறிப்பேட்டின் தோல் அட்டையிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். பேர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது டென்னி வெயின்ரைட் என்ற ஊழியர் அதைக் காட்டித்தான் திங்க்பேட் என்று சொன்னாராம். கம்பெனியின் பெயர்க் குழு முகம் சுளித்தது. ஐபிஎம் பொருளுக்கு எண்தான் பேர், இதென்ன புதுப் பழக்கம் என்று. கடைசியில் பேர்தான் ஜெயித்தது.

வடிவமைத்தவர் ஜெர்மானியரான ரிச்சர்ட் சாப்பர். 1972ல் டிசியோ மேஜை விளக்கை வடிவமைத்தவரும் இவர்தான். ஜப்பானியர்கள் மதிய உணவு கொண்டுபோகிற அரக்குப் பெட்டி மாதிரி, வெளியே வெறும் கறுப்பு, திறந்தால் உள்ளே விஷயம். ஜப்பானில் ஐபிஎம்மின் யமாட்டோ ஆய்வகம் இதைப் பொறியியலாக்கியது. ஆனால் அந்தக் கறுப்பு ஜெர்மனியில் வம்பில் மாட்டியது. ஆபீஸ் கருவிகள் வெளிர் நிறத்தில்தான் இருக்கணும், கறுப்பு கண்ணை உறுத்தும் என்று அங்கே ஒரு தரவிதி. அதனால் ஜெர்மனிக்குப் போன பொட்டிகளோடு 'அலுவலக உபயோகத்திற்கு அல்ல' என்று ஓர் அறிவிப்பு போனது. உலகத்தின் மிகப் பிரபலமான ஆபீஸ் லேப்டாப்பின் தலையெழுத்தைப் பாருங்க!

நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழுக்கும் இதே மாதிரி ஒரு கூத்து. ஐபிஎம்மின் பாதுகாப்பு விதிப்படி சிவப்பு என்பது பெரிய இயந்திரங்களின் அவசர நிறுத்து பொத்தானுக்கு மட்டும். டிசைன் ஆட்கள் "இது சிவப்பே இல்லை, மெஜந்தா" என்று காகிதத்தில் எழுதித் தப்பித்தார்கள். (நம்ம ஊரில் ஃபைல் நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு இந்த டெக்னிக் புதுசு இல்லை.) டிராக்பாயிண்ட் என்ற அந்தக் குமிழைக் கண்டுபிடித்தவர் டெட் செல்கர். டைப் அடிக்கிற கை மவுஸுக்குப் போக முக்கால் நொடி ஆகிறது என்று ஒரு புத்தகத்தில் படித்தவருக்கு அந்த முக்கால் நொடி பொறுக்கவில்லை. கையை எடுக்காமலேயே சுட்டியை நகர்த்தினால் என்ன என்று ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு நடுவில் அதை நட்டு வைத்தார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தட்டுறவனின் முக்கால் நொடியைப் பற்றி யோசித்த மனுஷன், மேல இருக்கிற எல்லாரையும் விட எனக்கு நெருக்கமானவர்.

ஆனா இந்தப் பொட்டி பேர் வாங்கினதுக்குக் காரணம் கறுப்பும் சிவப்பும் மட்டும் இல்லை. வாங்குறவருக்கும் தட்டுறவருக்கும் நடுவில் மூணாவதாக ஒருத்தர் இருந்தார். கம்பெனியின் ஐடி டிபார்ட்மெண்டில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தவர். 500 பொட்டிகள் அவர் தலையில். ஒன்று படுத்தால் அன்றைக்கே எழுப்பியாகணும். அவருக்காகத்தான் ஐபிஎம் 'ஹார்ட்வேர் மெயிண்டனன்ஸ் மேனுவல்' என்ற தடிமனான கையேட்டை வெளியிட்டது. எந்த ஸ்க்ரூ முதலில், எந்த ஸ்க்ரூ அடுத்து, ஸ்க்ரூவின் நீளம் எவ்வளவு, உதிரி பாகத்தின் எண் என்ன, எல்லாம் படத்தோடு. ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். லெனோவோ கைக்குப் போன பிறகும் இந்த வழக்கம் தொடர்வதை மனசாரப் பாராட்டுகிறேன். ஒரு லேப்டாப்பின் குணம் தெரியணும்னா விமர்சனம் படிக்க வேண்டாம், இந்தக் கையேட்டில் கீபோர்டை மாத்துற அத்தியாயத்தைப் படிங்க. போதும்.

1995ல் வந்த 701சி பற்றி ரெண்டு வரி சொல்லாமல் போனால் திங்க்பேட் ரசிகர்கள் அடிக்க வருவாங்க. மூடியைத் திறந்தால் ரெண்டு துண்டாக இருக்கும் கீபோர்டு வண்ணத்துப்பூச்சி சிறகு மாதிரி விரிந்து பொட்டியை விட அகலமாகும். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளரின் மூளை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது. ஆனால் சீக்கிரமே திரைகள் பெரிசாகிவிட்டன, பொட்டியும் அகலமாகிவிட்டது, மடக்குற கீபோர்டுக்கு வேலையில்லாமல் போனது. அழகான விடை, ஆனா கேள்வி மாறிப்போச்சு.

நடுத்தர விலைக்கு வருவோம். 2000ல் டி வரிசை (டி20) வந்தது. 2001ல் அதற்கு ஒரு தம்பி, ஆர் வரிசை. கொஞ்சம் தடிமன், கொஞ்சம் கனம், விலை குறைச்சல். இந்த இடத்தில்தான் எனக்கு ஐபிஎம் மேல் மரியாதை கூடுகிறது. 2003ல் டி41ம் ஆர்50ம் வந்தபோது ஹார்ட் டிஸ்கைக் காப்பாற்றுகிற ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பொட்டி கீழே விழப்போகிறது என்று ஒரு சென்சார் உணர்ந்ததும் டிஸ்கின் முள் ஓரமாக ஒதுங்கிவிடும். காரின் ஏர்பேக் மாதிரி என்று அவர்களே சொன்னார்கள். அதை விலை அதிகமான டி41க்கு மட்டும் வச்சு, தம்பிக்கு இல்லைன்னு சொல்லலை. ரெண்டுக்கும் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையில் டி40 குடும்பத்தின் கீபோர்டை ஆர்50 குடும்பத்தில் மாட்டலாம். அண்ணன் சட்டை தம்பிக்கும் சரியா இருந்த காலம். ஸ்க்ரூடிரைவர்காரர் அலமாரியில் ஒரே கீபோர்டை அடுக்கி வைத்தால் போதும்.

இதைச் சொன்னதும் 'ஐபிஎம் காலம் பொற்காலம்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிற கோஷ்டி ஒன்று உண்டு. நான் அதில் சேர மாட்டேன். டி40, டி41, டி42 பொட்டிகளை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் தூக்கியே போர்டு லேசாக வளைந்து கிராஃபிக்ஸ் சிப்பின் சால்டர் விட்டுப்போவது அவற்றை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த வியாதி. 2006ல் டி60க்குள் மெக்னீசிய சட்டம் ஒன்றை வைத்தார்கள். அது லெனோவோ காலம். அதாவது ஐபிஎம் பொட்டியின் பலவீனமான ஒரு இடம் கெட்டியானது கம்பெனி கை மாறிய பிறகு.

கை மாறிய கதை இது. 2001ல் தொடங்கி 2004 நடு வரை மூன்றரை வருஷத்தில் ஐபிஎம்மின் பிசி பிரிவு கிட்டத்தட்ட 100 கோடி டாலர் நஷ்டம் காட்டியிருந்தது. 2004 டிசம்பரில் விற்பனை அறிவிப்பு, 2005 மே 1ல் கைமாற்றம். 125 கோடி டாலர் ரொக்கமும் பங்குமாக, கூடவே 50 கோடி டாலர் கடன் பொறுப்பு. வாங்கிய லெனோவோ 1984ல் சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த 11 பேர் 2 லட்சம் யுவான் முதலோடு தொடங்கிய கம்பெனி. அமெரிக்காவில் சந்தேகம் கிளம்பியது. 2006ல் அமெரிக்க வெளியுறவுத் துறை தான் வாங்கிய 16,000 லெனோவோ கணினிகளை ரகசிய நெட்வொர்க்கில் மாட்ட மாட்டோம் என்று அறிவித்தது. சீனாக்காரன் வாங்கிட்டான், இனி பொட்டி அவ்வளவுதான் என்று உலகமெங்கும் ஒப்பாரி. ஆனால் யமாட்டோ ஆய்வகம் அப்படியே இருந்தது. சாப்பரும் ஆலோசகராகத் தொடர்ந்தார். (லெனோவோவுக்கு நம்ம புதுச்சேரியிலும் ஆலை உண்டு என்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.)

2007ல் வந்த டி61ல் என்விடியா கிராஃபிக்ஸ் போட்ட பொட்டிகள் வரிசையாகப் படுத்தது உண்மை. ஆனால் அதற்கு லெனோவோவைத் திட்டிப் பிரயோசனமில்லை. சிப்பைக் கட்டிய விதத்திலேயே கோளாறு. 2008ல் என்விடியாவே ஒத்துக்கொண்டு அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. வேற கம்பெனிப் பொட்டிகளும் அதே நோயில் போயின.

என் கட்சி என்னன்னா, திங்க்பேட் கை மாறினதால கெடலை, ஒல்லியானதால கெட்டது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அடுத்த மாசமே லெனோவோ எக்ஸ்300 வந்தது. அதுவும் ஒல்லிதான். ஆனால் உள்ளே டிவிடி டிரைவ் இருந்தது, பேட்டரியைக் கையால் கழற்றலாம். பொறியியலாக எனக்கு எக்ஸ்300தான் பெரிய சாதனை. ஜனங்க ஞாபகத்தில் நின்றது அந்த உறை. அதுக்கப்புறம் எல்லாக் கம்பெனியும் மில்லிமீட்டரை எண்ண ஆரம்பிச்சாச்சு.

மில்லிமீட்டரை எங்கிருந்து எடுப்பாங்க? முதலில் கீபோர்டு. 2011ன் டி420தான் பழைய ஏழு வரிசைக் கீபோர்டோடு வந்த கடைசித் தலைமுறை. 2012ல் டி430 ஆறு வரிசை, தட்டையான தீவு மாதிரி கீ. (டி430க்குள் டி420 கீபோர்டை மாட்டிய வைராக்கியக்காரர்கள் உண்டு. சில பின்களுக்கு டேப் ஒட்டணும், ஃபர்ம்வேரை மாத்தணும். பக்தி!) 2013ல் டி440லும் எக்ஸ்240லும் குமிழுக்கான மூன்று தனிப் பொத்தான்களையே தூக்கிவிட்டார்கள். கத்தின கத்தில் 2015ல் திரும்பி வந்தது. 2017ல் 25வது பிறந்தநாளுக்கு ஏழு வரிசைக் கீபோர்டோடு ஒரு சிறப்புப் பதிப்பு விட்டார்கள், கொஞ்சமே கொஞ்சம். தட்டுறவர் கத்தினா பொத்தான் திரும்பி வரும்னு இதிலிருந்து தெரிஞ்சுது. ஆனா பேட்டரிக்கும் ரேமுக்கும் அந்த அளவு கத்த ஆள் இல்லை.

2018ன் டி480 ஒரு எல்லைக்கல். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே இன்னொன்று. பொட்டியை அணைக்காமலேயே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். ரெண்டு ரேம் ஸ்லாட். கீபோர்டைத் தனியாக மாத்தலாம். 2019ல் வந்த டி490ல் வெளிப் பேட்டரி போச்சு. ரேமில் ஒரு பாதி போர்டோடு சால்டர், ஒரே ஒரு ஸ்லாட். எடையும் தடிமனும் குறைஞ்சுது, பட்டியலில் பார்க்க ஜோர். இழந்தது பட்டியலில் வராது.

ஏன் யாரும் தடுக்கலை? அந்த மூணாவது ஆள் காணாமல் போயிட்டார் என்பது என் கணிப்பு. இப்ப பெரிய கம்பெனிகள் பொட்டியை மூணு வருஷ வாரண்டியோடு வாங்குகின்றன அல்லது குத்தகைக்கு எடுக்கின்றன. கெட்டால் டிக்கெட் போடு, சர்வீஸ் ஆள் வந்து போர்டையே மாத்திட்டுப் போவார். மூணு வருஷம் முடிஞ்சா பொட்டி போயிடும். நாலாவது வருஷம் பேட்டரி உப்பினால் அது யார் தலைவலி? வாங்கினவருக்கு இல்லை. முன்னாடி இருந்த ஒரு ஆபீஸில் எனக்குக் கொடுத்த பொட்டியில் (பிராண்டும் வேணாம், ஆபீஸ் பேரும் வேணாம்) ரேம் 8 ஜிபி, சால்டர். ரெண்டு டாக்கர் கன்டெய்னர் ஓடினால் மூச்சு வாங்கும். அந்த ஐடி தம்பி பாவமாகச் சொன்னார்: "அண்ணா, ஏத்த முடியாதுண்ணா, மாடலே அப்படி." அவர் கையில் ஸ்க்ரூடிரைவரே இல்லை. ஒரு டிக்கெட் நம்பர்தான் இருந்தது.

காத்து கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனா பெரும்பாலும் சந்தையால் இல்லை. பிரான்ஸ் 2021லிருந்து லேப்டாப் விற்கிறவர்கள் 'எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்' என்று பத்துக்கு ஒரு மார்க்கைக் காட்டியாகணும் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ம் வருஷ பேட்டரி விதி, சாதனங்களின் பேட்டரியை உபயோகிப்பவரே மாத்துற மாதிரி இருக்கணும் என்கிறது, கெடு 2027 பிப்ரவரி 18. 2024ல் லெனோவோ, ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர் போன ஐஃபிக்ஸிட்டோடு கைகோர்த்து டி14ன் ஐந்தாம் தலைமுறையைக் கொண்டுவந்தது. பேட்டரியைச் சுலபமாக மாத்தலாம், இண்டெல் பதிப்பில் ரெண்டு ரேம் ஸ்லாட் திரும்பி வந்தாச்சு. ஐஃபிக்ஸிட் மார்க் 10க்கு 9. இத்தனை வருஷம் 'ஒல்லியா இருக்கணும்னா சால்டர் பண்ணித்தான் ஆகணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, அது இயற்பியல் விதி எல்லாம் இல்லை, விருப்பம்தான் என்பது வெட்டவெளிச்சம். அதே சமயம் மூலையில் இருந்த எஃப்என் கீயையும் கண்ட்ரோல் கீயையும் இடம் மாத்திட்டாங்க. முப்பது வருஷப் பழக்கமுள்ள விரல்கள் என்ன பண்ணும்னு யாரும் கேக்கலை!

இப்ப சித்தப்பா பையனுக்கு வருவோம். அவன் சொந்தக் காசில் வாங்குகிறான். வாங்குறவனும் அவனே, தட்டுறவனும் அவனே, ஸ்க்ரூடிரைவர்காரனும் அவனே. அதனால கம்பெனி வாங்குற கண்ணோட பாக்கக் கூடாது. முதலில், பேரை நம்பாதே. ஆர் வரிசை 2010ல் முடிந்து எல் வரிசையானது, அதுக்குக் கீழே மலிவாக ஈ வரிசையும் இருக்கிறது. எல்லாத்துக்கும் மூடியில் திங்க்பேட்னுதான் எழுதியிருக்கும். உள்ளே வேற வேற பொட்டி. ஒரே மாடலிலேயே ஒரு தலைமுறையில் ரெண்டு ஸ்லாட், அடுத்ததில் ஒன்று என்று மாறும். கையேட்டை இறக்கிப் பார். கீபோர்டு மாத்துறதுக்கு மேல் மூடி மொத்தத்தையும் மாத்தணும்னு இருந்தா, ஒரு டம்ளர் காபிக்கு விலை என்னன்னு அங்கேயே கணக்குப் போட்டுக்கலாம்.

புதுசுக்குக் காசு பத்தலைன்னா, கம்பெனிகள் கழிச்சுக்கட்டின பழைய பொட்டி தப்பே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கி வச்சிருப்பாங்க. ஆனா இண்டெல் 8வது தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் வேணும்னு போகாதே. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிஞ்சுது, அதுக்குக் கீழ்ப்பட்ட சிப்புகளை 11 அதிகாரபூர்வமா சேர்த்துக்கறது பெரும்பாலும் இல்லை. டி470க்கும் டி480க்கும் வெளியே பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா இந்தக் கோடு நடுவில ஓடுது. லினக்ஸ் போடுறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கடையிலேயே பொட்டியைப் போட்டு பயாஸுக்குள்ள போ. சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வச்சிட்டு வந்துடு. அது மறந்துபோனால் லெனோவோ சொல்ற ஒரே வழி மதர்போர்டை மாத்துறதுதான். லெனோவோ வான்டேஜ் மென்பொருளில் பேட்டரி எத்தனை சைக்கிள் ஓடியிருக்குன்னு பாரு. டி480ன்னா தண்டர்போல்ட் ஃபர்ம்வேரைப் புதுப்பிச்சாச்சான்னு பாரு. பழைய ஃபர்ம்வேரில் ஒரு பிழை, நாளடைவில் அந்த யுஎஸ்பி-சி போர்ட்டையே படுக்க வச்சிடும். சார்ஜர் சொருகுறதும் அதே பக்கம்தான், ஜாக்கிரதை. அப்புறம், மூடியை ஒரு கையால திறந்து, ஒரு மூலையைப் பிடிச்சுத் தூக்கிப் பாரு. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.